பட்டங்கியில் புரண்ட எழுத்து

காலையில் கோட்டை மலைக் கம்பத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு தொங்கியது. பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருவதற்குள் அதை இறக்கிவிட்டு மூன்றாம் எண்ணை ஏற்றிவிட்டார்கள். மக்காவுத் துறைமுகத்தில் மீன்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே வந்து ஒதுங்கின. காற்று கொஞ்ச நேரம் அடித்தது, கொஞ்ச நேரம் நின்றது. நின்ற நேரம்தான் அபிலியோவுக்குப் பிடிக்கவில்லை.

ஆறுதல் மாதா கோவிலின் சபைக்கூடத்தில், நீள மேசைக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் மாக் சிங்யீயும் நின்றார்கள். மேசைமேல் மாதா சுரூபத்துக்குப் போர்த்தும் பட்டங்கி விரிந்து கிடந்தது.

சிங்யீ நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். இரண்டு மொழிகளில் பொய் கேட்டுக் கேட்டுச் சலித்து, வேலையை விட்டுவிட்டு, கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அபிலியோ வானொலியில் செய்தி வாசித்தவன். மரண அறிவிப்புக்கு நடுவே ஒரு வேடிக்கை சொன்னதால் அந்த வேலை போனது. இப்போது அவளுக்கு உதவியாளன்.

இந்தக் கோவில் அவனுக்குப் புதிதில்லை. தாயும் தகப்பனும் காய்ச்சலில் போனபிறகு அவனை எடுத்து வளர்த்த ஞானத்தாய் தோனா லியோன்தினாதான் மாதா சபைக்குத் தலைவி. அதனாலேயே இந்த வழக்கு அவனுக்குச் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

பட்டங்கி தந்த நிறம். இருநூறு வருடத்துக்கு முன் கான்டன் நகரத்துத் தையல்காரர்கள் தைத்தது. கோவில்காரர்கள் ரோஜா கேட்டதற்கு, தங்களுக்குத் தெரிந்த பியோனிப் பூவைத் தைத்திருந்தார்கள். சிறகுள்ள சம்மனசுகளுக்குச் சீனப் புத்தாண்டுப் படத்துக் குழந்தைகளின் கன்னம். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பெலிக்கன் பறவையை அவர்கள் கண்டதே இல்லை. எனவே நீண்ட வால் வைத்த ஃபீனிக்ஸ் ஒன்று நெஞ்சைக் கொத்திக்கொண்டு நின்றது.

“இந்தப் பறவை இரத்தம் குடுக்கற மாதிரியா இருக்கு? கல்யாண விருந்துக்குப் பவுடர் போட்டுட்டுக் கிளம்பற மாதிரி இருக்கு,” என்றான் அபிலியோ.

பாதிரியார் குஸ்தோடியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஆறு வருடத்துக்கு முன் திமோரிலிருந்து மாற்றலாகி வந்தவர். நாளை மாதா பிறந்தநாள் பவனி. புயல் ஒரு பக்கம், இந்தத் தலைவலி ஒரு பக்கம் என்று அங்கலாய்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

பட்டங்கியின் கீழ்க்கரை நைந்துபோயிருந்தது. போன மாதம் லான்ஃபோங் என்ற தையல்காரியிடம் சரிசெய்யக் கொடுத்தார். கன்னிமடத்தில் தையல் படித்தவள். வீட்டு வீடாகப் போய்ப் பட்டுத்துணி தைப்பவள். நேற்று மாலை பட்டங்கியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து வைத்தாள். தோனா லியோன்தினா பொட்டலத்தைப் பிரித்த கையோடு கீழ்க்கரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது நம் பட்டங்கி இல்லை, போலி என்றார்.

கீழ்க்கரை நெடுகச் சரிகையில் ‘சால்வே ரெஜினா’ என்ற லத்தீன் ஜெபத்தின் தொடக்கம். சால்வேயின் முதல் எழுத்தான எஸ், கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகப் புரண்டிருந்தது. சுவரில் நாலு வருடத்துக்கு முந்தைய பவனியின் படம் மாட்டியிருந்தது. அதில் மாதாவின் காலடியில் அதே எழுத்து நேராக நின்றது.

காவல் நிலையத்து சார்ஜென்ட் வெலோசோ வந்து படத்தையும் பார்த்தார், பட்டங்கியையும் பார்த்தார். எழுத்தறியாத ஒருத்தி போலியைத் தைத்து வைத்துவிட்டு அசலைக் கடத்திவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். அவள் அறையைக் குடைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவளோ வாய் திறக்கவில்லை. போர்க்காலத்தில் கான்டனிலிருந்து ஓடிவந்தவள், குடியிருப்புச் சீட்டு கிடையாது. புயலுக்காக எல்லை வாசலை இன்று நாலு மணிக்கே மூடுகிறார்கள். அதற்குள் அவளை அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட் சீனாவுக்குள், தள்ளிவிடப் போகிறார்கள். கழுத்தில் சிலுவையோடு அந்தப் பக்கம் போகிறவளுக்கு என்ன ஆகும் என்பதைப் பாதிரியார் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

“அவ திருடியா இருந்தா சட்டம் பாத்துக்கும். இல்லேன்னா?” என்றார். “அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்.”

அப்போது தோனா லியோன்தினா உள்ளே வந்தார். கறுப்புப் பட்டு, கறுப்புப் பின்னல் முக்காடு, அறுபத்தைந்து வயதிலும் நிமிர்ந்த முதுகு. அபிலியோவின் சட்டைக் காலரை இழுத்து நேராக்கிவிட்டு, சிங்யீயைப் பார்த்தார்.

“நீ மொழிபெயர்ப்பு பண்ணிட்டு இருந்தவதானே? இதுல மொழிபெயர்க்க என்னம்மா இருக்கு. எழுத்து தெரியாத கை தைச்சிருக்கு, அவ்வளவுதான்.”

“சரியாத்தான் சொல்றீங்க,” என்றாள் சிங்யீ.

குனிந்து பட்டை முகர்ந்தாள். அபிலியோவையும் முகரச் சொன்னாள். கோவில் சாம்பிராணி வாசனை வரும் என்று அவன் நினைத்தான். வந்தது சந்தன ஊதுபத்தி. ஒரு மடிப்புக்குள் சிவப்பு மெழுகு சொட்டி உறைந்திருந்தது. மேல்விளிம்பில் வரிசையாக ஊசித்துளைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் துரு. உட்துணியின் ஓரத்தை லேசாகத் தட்டினாள். மேசைமேல் தூசி மாதிரி ஏதோ உதிர்ந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“தவிடு,” என்றாள்.

“என்னக்கா, காலைல ஒண்ணும் சாப்பிடலையா?”

அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

காவல் நிலையத்துப் பின்னறையில் லான்ஃபோங் நின்றுகொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டியவள், ஒல்லி. கால்மாட்டில் ஒரு துணிமூட்டை. சிங்யீ அவளிடம் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூடாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். கன்னிமடத்தில் எந்த ஊர்க் கன்னியர் சொல்லிக் கொடுத்தார்கள், அடி விழுமா என்றெல்லாம் ஊர்க்கதை பேசினாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“சால்வே ரெஜினா உங்களுக்கு மனப்பாடமா இருக்குமே. முதல் வார்த்தைய எழுதிக் காட்டறீங்களா? இந்தாளு வானொலியில செய்தி வாசிச்சவன். ஆனா இன்னிக்கு வரைக்கும் எழுத்துப்பிழை.”

அபிலியோவுக்கு அது உண்மை என்பதால் கொஞ்சம் வலித்தது. லான்ஃபோங் தேநீரில் விரலை நனைத்து மேசைப் பலகையில் எழுதினாள். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. எஸ் நேராக, வளைவு பிசகாமல், தலையும் வாலும் அளவாக நின்றது. எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. உள்ளங்கையால் அவசரமாக அழித்துவிட்டாள்.

அழித்த கை மேசையிலேயே இருந்தது. “நாளைக்குப் பவனி உண்டா?” என்று கேட்டாள். அவள் பேசியது அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் சிங்யீ காவல்காரனிடம், அவள் வழக்கமாகத் தைக்கப் போகும் வீடுகளில் அரிசி மண்டிக்காரர் வீடு ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். உள்துறைமுகப் பக்கம் ஃபோக் வீட்டைச் சொன்னான். மண்டிக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், விதவை மட்டும் இருக்கிறாள் என்றான்.

சைக்கிள் ரிக்‌ஷாவின் கூரைத்துணி காற்றில் படபடவென்று அடித்தது. ஓட்டுகிறவன் எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்தான். சிங்யீ உட்காராமல் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

“சொல்லு, என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

“அவளுக்கு எழுத்து தெரியும். எழுத்து தெரியாதவ தைச்ச போலின்னு சார்ஜென்ட் சொல்றது பொய். ஆனா அவசரத்துல தப்பா தைச்சிருக்கலாமே?”

“ஜெபத்த மனப்பாடமா வச்சிருக்கறவ, அசலைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, முதல் எழுத்தையே தப்பா தைப்பாளா? சரி, அத விடு. அந்த எழுத்த யாரு தப்பா தைச்சிருப்பாங்க?”

“எழுத்து தெரியாதவன். அவனுக்கு அது வெறும் புழு. புழு இந்தப் பக்கம் நெளிஞ்சா என்ன, அந்தப் பக்கம்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பேச்சை நிறுத்தினான். “அக்கா. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கான்டன்ல தைச்சவனுக்கு எழுத்து தெரியாதே.”

“பெலிக்கனயே பாக்காதவன்.”

“அப்ப மேசைமேல கிடக்கறது...”

“அசல். படத்துல இருக்கறதுதான் போலி. அந்தப் பொண்ணு கொண்டுபோனது போலிய, கொண்டுவந்து வச்சது அசலை. இவ்வளவு நாளா சந்தனமும் சிவப்பு மெழுகுவர்த்தியும் ஏத்தற வீட்டுல அது தொங்கிட்டு இருந்திருக்கு. அரிசி மூட்டைக்குப் பக்கத்துல.”

அபிலியோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. திருட்டே இல்லை, திரும்பி வந்த சொத்துக்காக ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஞானத்தாயிடம் போய்ச் சொன்னால் எப்படி முகம் மலர்வார் என்று நினைத்தான். கோவில் பொருளைப் போர்க்காலத்தில் எவனோ சுட்டிருக்கிறான், பட்டினி அப்படி என்றான். அதிலிருந்து தன் பழைய வேடிக்கைக்குத் தாவினான். அந்தப் பட்டினியில் மக்காவு முழுக்க எலும்பும் தோலுமாய்த் திரிந்தபோது குண்டான ஒரே பையன் தான்தான். ஜப்பான்காரன் ஒருத்தனை முழுங்கிவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள் என்றான். சிங்யீ எப்போதும் இதற்குச் சிரிப்பாள். இன்று தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஃபோக் வீட்டு விதவை காதில் பச்சைக்கல் தோடு போட்ட, வாய் ஓயாத அம்மாள். புயல் வருகிறதென்று கோழியை வீட்டுக்குள் விட்டிருந்தாள். அது நாற்காலிகளுக்கு அடியில் நடந்து திரிந்தது. கூடத்தில் குன் யாம் அம்மன் பீடம். பீடத்து மேசையின் முன்பக்கத்தை மறைத்துத் தந்த நிறப் பட்டு ஒன்று ஊசிகளில் தொங்கியது. பியோனிப் பூக்கள், கன்னம் உப்பிய குழந்தைகள், நெஞ்சைக் கொத்தும் பறவை. கரையில் சரிகை எழுத்து. எஸ் நேராக நின்றது.

அபிலியோ பூனை மாதிரி சத்தமில்லாமல் கிட்டே போய்ப் பார்த்தான். சிங்யீ பட்டைப் புகழ்ந்தாள். அது போதுமாக இருந்தது அந்த அம்மாளுக்கு.

முன்பு தொங்கியது பழசு, சரிகை கறுத்துவிட்டது என்றாள். தைக்க வந்த லான்ஃபோங் அதைப் பார்த்ததும் வெளிறிப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ஏதோ வயிற்றுவலி என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் கொடுத்தாளாம். அடுத்த வாரம் இந்தப் பளபளப்பானதைக் கொண்டுவந்து, இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள் என்று கேட்டாளாம்.

“பைத்தியக்காரி. நான் ஒத்துக்காம இருப்பேனா? பழசுல கரையில ஒரு புழு கோணலா வேற இருந்துச்சு.”

பழசு எப்படி வந்தது என்று சிங்யீ கேட்டாள். அதுவா, பட்டினிக் குளிர்காலத்தில் வந்தது என்றாள் விதவை. கறுப்பு முக்காடு போட்ட மக்காவுச் சீமாட்டி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். தன் வீட்டுக்காரர் அதற்கு அரிசி கொடுத்தார், அறுவடை வரைக்கும் மாதாமாதம்.

“கோவில் கஞ்சிக் கொட்டகைக்கா அனுப்பணும்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. அப்பல்லாம் அங்கதானே கூட்டம் சாகும். அந்தம்மா இல்லைன்னுட்டாங்க. வீட்டுக்கு, பின்வாசல் வழியா வரணும்னாங்க. நம்ம ஆளுதான் தள்ளுவண்டில கொண்டுபோவான். சரிவுத்தெரு, மஞ்சள் வீடு, முற்றத்துல பலாமரம்.”

கோழி அபிலியோவின் கால்மேல் ஏறி இறங்கியது. அவன் அசையவில்லை.

அந்தப் பலாமரத்தில் அவன் ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கிறான். அந்தக் குளிர்காலத்தில் காலையில் கதவைத் திறந்தால் தெருவில் ஆட்கள் விறைத்துக் கிடப்பார்கள். ஞானத்தாய் அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கு அழைத்துப் போவார். திரும்பி வந்தால் தட்டில் சோறு இருக்கும். சோற்றின்மேல் பொரித்த முட்டை இருக்கும். எங்கிருந்து வந்தது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பதினோரு வயதுப் பையனுக்குக் கேட்கத் தோன்றுமா என்ன.

இரவல் வாங்கிய பட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிங்யீ வெளியே வந்தாள். அபிலியோ சுவரில் சாய்ந்து நின்றான்.

“உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“பாதிரியார் சொன்னப்பவே சந்தேகம். பொட்டலத்தப் பிரிச்ச கையோட கரையப் புரட்டினாங்களாம். வேலைக்குக் குடுத்த துணி வந்தா நாம பூவப் பாப்போம், பட்டு கிழிஞ்சிருக்கான்னு பாப்போம். அந்த எழுத்து மட்டும்தான் வித்தியாசம்னு முன்னாடியே தெரிஞ்சவங்கதான் நேரா அங்க போவாங்க. அந்தப் படத்துக்குக் கீழயே தினம் உக்காந்து எழுதற பாதிரியாருக்குக்கூட எழுத்து எப்படி இருந்துச்சுன்னு தெரியாது.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“தப்பா இருந்துட்டா நல்லாருக்கும்னு பாத்தேன்.”

காற்று நின்றுபோயிருந்தது. வானம் செம்புநிறமாக இருந்தது. மூன்று மணி ஆகப் போகிறது. சிங்யீ தானே போய்ப் பேசுவதாகச் சொன்னாள். அபிலியோ வேண்டாம் என்றான். நான் போகிறேன், நீங்கள் சபைக்கூடத்திலிருக்கும் பட்டங்கியை எடுத்துக்கொண்டு எல்லை வாசலுக்குப் போய் சார்ஜென்டைப் பிடித்து வையுங்கள் என்றான். வழியில் இரண்டு வேடிக்கை சொல்லி வைத்தால் கொஞ்சம் தாமதிப்பார் என்று சேர்த்துக்கொண்டான். சொல்லும்போது அவன் குரலில் வேடிக்கை இல்லை.

கோவிலுக்குள் தோனா லியோன்தினா தனியாக இருந்தார். சப்பரத்திலிருந்து பூச்சாடிகளை இறக்கி, காற்று புகாத மூலைக்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். அவன் ஒரு சாடியை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். அதிகம் சொல்லவில்லை. ஃபோக் வீடு, தள்ளுவண்டி, பின்வாசல்.

அவர் மறுக்கவில்லை. கையில் ஒட்டிய இலையை உதறிவிட்டு முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அந்தக் குளிர்காலத்துல, அரிசி வர்றதுக்கு முன்னாடி, உனக்கு எத்தன விலா எலும்பு தெரிஞ்சுதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. குளிப்பாட்டினவ நான்தான்.”

“தெரியும்மா.”

“மாதாவுக்குக் குளிராது. உனக்குக் குளிரும். அப்படித்தான் நெனச்சேன். போர் முடிஞ்சதும் எப்படியாவது மீட்டு வச்சிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்த மனுஷன் செத்துட்டான். போய்க் கேட்டா ஊருக்குத் தெரியும்.”

“நீங்க குடுத்தத நான் தப்புன்னு சொல்லல. நான் தின்ன சோறு அது. நான் எந்த வாயால சொல்லுவேன்? ஆனா லான்ஃபோங்...”

“எழுத்து மாறினத யாராவது பாத்து, பழசு இத்தன நாள் எங்க இருந்துச்சுன்னு கேக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். அவ சின்னவ. எங்க போனாலும் தையல் இருக்கு, பொழச்சுக்குவா. எனக்கு இந்தச் சபையும் இந்த மரியாதையும் விட்டா என்னடா இருக்கு?”

இதைச் சொன்னபோது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அபிலியோ அவருக்கு முன்னால், தரையில், சின்ன வயதில் பூசைக்கு உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான்.

“பவனில நீங்க மாதாவுக்குப் பின்னாடி நடப்பீங்க. நான் வழக்கம்போல உங்க பக்கத்துல குடை பிடிப்பேன். ஊருக்கு ஒண்ணும் தெரியாது. என்னால முடியுமான்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். முடியும்னுதான் தோணுச்சு. அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு.”

வெளியே ஒரு தகரம் தெருவில் உருண்டு போகும் சத்தம் கேட்டது. காற்று திரும்ப ஆரம்பித்துவிட்டது. தோனா லியோன்தினா எழுந்து, சப்பரத்தில் மீதியிருந்த சாடியையும் இறக்கி மூலையில் வைத்தார். நாலு மணி ஆக அதிக நேரம் இல்லை.

“வண்டி கிடைக்குமா இந்தக் காத்துல?” என்றார் கடைசியில்.

வண்டி கிடைக்கவில்லை. பாதி தூரம் நடந்தார்கள். அவர் முக்காடு காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. பிடிக்க ஓடிய அபிலியோவை விட்டுவிடச் சொன்னார். நரைத்த தலை திறந்திருக்க அவரை அவன் தெருவில் பார்த்தது அதுதான் முதல்முறை. பிறகு முட்டைக்கோஸ் ஏற்றிவந்த லாரிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான்.

எல்லை வாசலின் வெள்ளை வளைவுக்கு முன்னால் ஜீப் நின்றது. சார்ஜென்ட் வெலோசோ தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையை சிங்யீயின் முகத்துக்கு நேரே ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வாசல் கதவின் ஒரு பாதியை ஏற்கெனவே மூடிவிட்டார்கள். இரண்டாம் பாதியைச் சிப்பாய் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கக் காத்திருந்தான். லான்ஃபோங் ஜீப்பின் பின்னால் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மூடிய கதவைப் பார்க்கிறாளா, திறந்த கதவைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

தோனா லியோன்தினா லாரியிலிருந்து இறங்கி நேராக ஜீப்புக்குப் போனார். சார்ஜென்ட் மரியாதைக்குக் குதிகாலைச் சேர்த்தார்.

“சார்ஜென்ட், இந்தப் பொண்ணு எதையும் எடுக்கல. எடுத்தது நான். போர்க்காலத்துல. அசலைக் குடுத்துட்டு, இவள வச்சு ஒரு போலி தைச்சு மாட்டினேன். இப்ப இவ அசலைக் கொண்டுவந்து வச்சிருக்கா. அதப் போலின்னு சொன்னதும் நான்தான்.”

சார்ஜென்ட் சிங்யீயைப் பார்த்தார். அவள் ஜீப்பின் கூரைக்கடியில் இரண்டு பட்டுகளின் கரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒன்று சந்தனமும் தவிடும். மற்றது புதுச் சரிகை. காற்றில் அவள் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். ஆனால் சீமாட்டியின் திறந்த தலையைப் பார்த்தபிறகு அவருக்கு மீதி தேவைப்படவில்லை. புயல் ஓய்ந்ததும் எல்லோரும் நிலையத்துக்கு வர வேண்டும், பாதிரியார் இந்தப் பெண்ணுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கத்திச் சொன்னார். சிப்பாய்க்குக் கையசைத்தார். இரண்டாம் கதவும் மூடிக்கொண்டது.

தோனா லியோன்தினா ஜீப்பில் ஏறி லான்ஃபோங்கின் எதிரே உட்கார்ந்தார்.

“அன்னிக்கு மாதா மேல கைய வச்சு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு உன்கிட்ட சத்தியம் வாங்கினேன். அதுலேர்ந்து உன்ன இப்ப விடுவிச்சுட்டேன். என்ன சொல்லணுமோ சொல்லு.”

லான்ஃபோங் மூட்டையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

“ஒளிச்சு வைக்கிறேன்னு சொன்னீங்க. ஜப்பான்காரங்க கைக்குப் போகக்கூடாது, அதுக்குத்தான் போலின்னு சொன்னீங்க. நான் விரல்ல இரத்தம் வர தைச்சேன். எழுத்துப்பிழையோட மாதா ஜெபத்தத் தைக்க எனக்குக் கை வரல, அத மட்டும்தான் மாத்தினேன். ஒவ்வொரு வருஷமும் என் தையலுக்கு முன்னாடி ஜனங்க முழந்தாள் போடும்போது, அசல் உள்ளே ஒரு பெட்டியில பத்திரமா இருக்குன்னு நெனச்சுத்தான் நானும் போட்டேன். போன மாசம் அது அரிசிக்கடைக்காரி வீட்டுல தொங்குது. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? உண்மையச் சொல்லியிருந்தா அப்பவும் தைச்சிருப்பேன். அந்தக் குளிர்ல நானும் பட்டினிதான். எனக்குத் தெரியாதா பட்டினின்னா என்னன்னு?”

தோனா லியோன்தினா தலை குனியவில்லை. கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

ஜீப் ஊருக்குள் திரும்பியது. லான்ஃபோங் நிறுத்தவில்லை. நேற்று மாலை தன்னைக் கைகாட்டியபோது அந்த விரல் நடுங்கக்கூட இல்லை என்றாள். தன் துணிமூட்டையைச் சிப்பாய்கள் தெருவில் கொட்டிப் பார்த்ததைச் சொன்னாள். அதோடு விடாமல், போலிக்கு உட்துணியாக வாங்கிக் கொடுத்த மட்டமான பருத்தியைப் பற்றியும், அந்தத் துணியில் ஊசி இறங்காமல் தான் பட்ட பாட்டைப் பற்றியும் பேசினாள். பதிமூன்று வருடப் பேச்சு. மழை தொடங்கி ஜீப்பின் கூரைமேல் கொட்டியபோது குரலை இன்னும் உயர்த்திக்கொண்டாள். சிங்யீ, அபிலியோ பார்க்க முதன்முறையாக, உட்கார்ந்திருந்தாள். இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பவனி ஒத்திவைக்கப்பட்டது. பாதிரியார் குஸ்தோடியோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, அசல் பட்டங்கியை எடுத்து மாதாவுக்குத் தானே போர்த்தினார். ஜனங்களிடம் என்ன சொல்வது என்று அவர் தடுமாறியபோது, தோனா லியோன்தினா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீடத்துப் படியில் நின்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். லான்ஃபோங் அன்றிரவு கன்னிமடத்தில் தங்க ஏற்பாடாயிற்று. போகும்போது அவள் அவரிடம் விடைபெறவில்லை.

சாயங்காலம் எட்டாம் எண் கூண்டு ஏறியது. கருவாட்டுக் கடைக்கு மேலே, தண்ணீர் ஒழுகும் இடங்களில் கிண்ணங்களை வைத்தபடி, அபிலியோ இன்றிரவு எங்கே தங்கப் போகிறான் என்று சிங்யீ கேட்டாள். அவன் மேசை இழுப்பறையிலிருந்து சுத்தியலையும் ஒரு பிடி ஆணியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

சரிவுத்தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கி ஓடியது. மஞ்சள் வீட்டில் விளக்கு இல்லை. தெற்கு ஜன்னல் கதவு கொக்கி விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவன் கதவைத் தட்டவில்லை, கூப்பிடவுமில்லை. கொல்லையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிவந்து ஜன்னலுக்குக் குறுக்கே வைத்தான். ஒற்றை ஆள் பலகையையும் பிடித்து ஆணியும் அடிக்க முடியாது. காற்று அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை பலகை நழுவியபோது, உள்ளேயிருந்து இரண்டு கைகள் வந்து அதை இழுத்துப் பிடித்துக்கொண்டன.

அபிலியோ ஆணியை வைத்து அடிக்க ஆரம்பித்தான்.